ஏழு பேர் நின்றால் போதும்

கூரைக்கு மேல் விமானம் போய்க்கொண்டிருந்ததால் உதயசூரியன் சோற்று உருண்டையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான். பத்துபஸ்திக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இதுதான் பழக்கம். கொஞ்சலானாலும் சண்டையானாலும் பாதியில் நிறுத்திவிட்டு, சத்தம் விமான நிலையத்துப் பக்கம் இறங்கி அடங்கியதும், விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்கள். அந்த இடைவெளியில் நீலாவதி தன் அண்ணன் உதயசூரியனின் தட்டில் இரண்டாவது வஞ்சிரத் துண்டை வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த கணவன் வெங்கடேஷுக்கு ரசம் ஊற்றினாள். அவளுக்கு அன்று மனசு நிறைந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறான், அதுவும் நல்ல செய்தியோடு. அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"பிரசிடென்ட், ட்ரெஷரர், ட்ரெஷரர் வீட்டம்மா, வைஸ் பிரசிடென்ட் ரெண்டு பேரு, நானு, மாப்ள," என்றான் உதயசூரியன். "மொத்தம் ஏழு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேரப் போட்டுரு நீலா. போன்ல எல்லாரோட ஐடி கார்டும் அனுப்பிட்டேன்."

நீலாவதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

அபெர்டீன் பஜாரில் நசீருதீன் பாய் நடத்தும் டிக்கெட் கடையில் அவளுக்கு வேலை. கப்பலுக்கும் விமானத்துக்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பாள். தீவின் கால்பந்துச் சங்கத்துக்கு உதயசூரியன் செயலாளர். அணிக்கு வெங்கடேஷ் பயிற்சியாளர். போன மாதம் அண்ணன் கடைக்குப் போன் செய்து, "சென்னை டோர்னமென்டுக்கு டீம் பேருல ஏழு ஃப்ளைட் சீட் பிடிச்சு வை, பேரு அப்புறம் சொல்றேன்," என்றபோது, டீம் என்றால் ஆடுகிறவர்கள் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? அன்று சாயங்காலமே கணவனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. இரண்டு முறை கேட்டான். மறுநாள் மைதானத்தில் பையன்களிடம் சொல்லிவிட்டான். இந்தத் தீவிலிருந்து ஏழு ஆட்டக்காரர்கள் முதல் தடவையாக விமானத்தில் போகிறார்கள் என்று பையன்கள் தங்கள் வீடுகளில் சொல்ல, வீடுகள் தெருக்களில் சொல்லின.

"அப்ப பசங்க?" என்றாள்.

"பசங்களுக்குக் கப்பல் இருக்குல்ல? இன்னிக்குக் கிளம்ப வேண்டியது எஞ்சின் கோளாறுன்னு புதன்கிழமைக்குத் தள்ளிப் போட்டுட்டான். சனிக்கிழமை காலைல சென்னை. மத்தியானம் மேட்ச். டைம் பக்கா."

வெங்கடேஷ் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தான். குடிக்கவில்லை.

"மாப்ளைக்கும் ஒரு சீட் போட்டிருக்கேன் பாரு," உதயசூரியன் சிரித்தான். "அந்த முட்டிய வச்சுக்கிட்டு கப்பல் பங்க் படுக்கையில ஏறி இறங்க வேணாம். கமிட்டியில எவ்ளோ பேசி வாங்கினேன் தெரியுமா?"

"மேட்சை ஒரு நாள் தள்ளச் சொல்லிக் கேக்கலாமே மச்சான்," என்றான் வெங்கடேஷ். தரையைப் பார்த்துச் சொன்னான்.

"கேட்டேன் மாப்ள. மாட்டேன்னுட்டாங்க. மெயின்லேண்டுக்காரனுக்கு நம்ம கஷ்டம் எங்க தெரியுது? ஒண்ணு பண்ணு. மூணு நாள் சும்மாதானே இருப்பாங்க. கப்பல் டெக்ல பிராக்டிஸ் பண்ணச் சொல்லு. நேரமும் வீணாகாது."

அடுத்த விமானம் அப்போது வந்திருக்கலாம். வரவில்லை. அந்தச் சொற்கள் அப்படியே மேசைமேல் கிடந்தன. நீலாவதி கணவன் முகத்தைப் பார்த்தாள். இப்போது கத்துவான் என்று நினைத்தாள். கத்த வேண்டும் என்று விரும்பினாள். மைதானத்தில் ஒரு பாஸ் தவறினால் கராச்சர்மா ஊர் வரை கேட்கும்படி கத்துகிறவன். டிவியில் எவனோ ஒருவன் தவறவிடும் பெனால்டிக்குத் தலையணையைச் சுவரில் எறிகிறவன்.

"சரி மச்சான்," என்றான் வெங்கடேஷ்.

அண்ணன் கை கழுவிக்கொண்டு கிளம்பினான். அவன் வண்டி தெருமுனை திரும்பியதும், மிச்சமிருந்த மீன்குழம்புச் சட்டியை அடுப்பில் ஓங்கி வைத்தாள். குழம்பு சுவரெல்லாம் தெறித்தது.

"டெக்ல பிராக்டிஸ் பண்ணச் சொல்றாரு. உங்ககிட்ட. உங்ககிட்டச் சொல்றாரு!"

"காதுல விழுந்துச்சு."

"விழுந்தா வாயில ஏதாச்சும் வரணும்ல?"

அவன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டான்.

மூன்று நாள் கப்பலில் இருந்து இறங்கியவனுக்குத் தரை ஆடும். நடப்பவனுக்கு அது பெரிய விஷயமில்லை. சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்து நடந்துவிடலாம். ஓடுகிற பந்தை உதைக்கிறவனுக்கு அப்படியில்லை. அவன் கால் தரையை எங்கே எதிர்பார்க்கிறதோ, தரை அங்கே இருக்காது. ஆட்டக்காரர்கள் அதற்குக் கப்பல்கால் என்று பேர் வைத்திருந்தார்கள். ஒன்றிரண்டு நாள் தூங்கி எழுந்தால் போய்விடும். அந்த ஒன்றிரண்டு நாள்தான் தீவுப் பையன்களுக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை.

வெங்கடேஷுக்கும் கிடைக்கவில்லை. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. இடது ஓரத்தில் ஓடினால் பந்து காலில் ஒட்டிக்கொண்டு வரும் என்பார்கள். சென்னையில் ஒரு கிளப்பைச் சேர்ந்தவர்கள் அவனைப் பார்ப்பதற்கென்றே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கப்பல் தாமதம். நேரம் வீணாகக் கூடாதென்று அன்றைய பயிற்சியாளர் மூன்று நாளும் மேல்தளத்தில் வைத்துப் பிழிந்தெடுத்தார். கடல் ஆடியது, பையன்கள் அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுத்துப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். பிரமாதமாகக் கற்றுக்கொண்டார்கள். கப்பலைக் கற்ற கால்களோடு இறங்கி நேரே மைதானத்துக்குப் போனார்கள். ஆடாத தரை அவர்களைக் கவிழ்த்தது. பார்க்க வந்தவர்கள் குடித்துவிட்டு வந்த கூட்டம் என்று நினைத்துச் சிரித்தார்கள். வெங்கடேஷ் ஒரு பெனால்டிக்கு ஓடி வந்தான். ஊன்றிய கால் இல்லாத சரிவைத் தேடித் திரும்பியது. முட்டியில் ஏதோ அறுந்த சத்தம் தனக்கே கேட்டது என்று கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறான். கிளப்காரர்கள் தேநீர் முடிவதற்குள் எழுந்து போனார்களாம்.

அந்த ஆட்டத்தில் கோல்கம்பத்துக்கு நடுவில் நின்றவன் உதயசூரியன். விழுந்து விழுந்து எழுந்து, கடைசியில் எழ முடியாமல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதவன். திரும்பி வந்த கப்பலின் ஏணிப்படியில் வெங்கடேஷை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கியவனும் அவன்தான். ஹாடோ துறையில் அண்ணனை அழைத்துவர நின்றிருந்த நீலாவதி, அண்ணன் முதுகில் கிடந்தபடி எல்லாரையும் பார்த்துக் கோபமாக முறைத்த அந்த முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தாள். வலியில் அழுகிறவனை அவளுக்குத் தெரியும். வலியில் கோபப்படுகிறவனை அன்றுதான் பார்த்தாள். அதன்பின் வேறு யாரையும் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டில் எதிர்த்தபோது அவர்களுக்காக நின்றதும் அண்ணன். முட்டி போனவனுக்கு முதலில் சின்னப் பையன்களைப் பழக்கும் வேலையும், பிறகு மெல்ல மெல்ல அணியின் பயிற்சியாளர் வேலையும் வாங்கிக் கொடுத்ததும் அண்ணன். வெங்கடேஷின் கோபம் அங்கே போய் முட்டி நின்றுவிடும். அந்த நன்றி இந்த வீட்டின் நடுவில் ஒரு பெரிய பீரோவைப் போல நின்றது. அதைச் சுற்றித்தான் இருவரும் நடந்தார்கள்.

சாயங்காலம் மனசு கேட்காமல் அவளும் மைதானத்துக்குப் போனாள். வழக்கமாக முதலில் ஒற்றைக்கால் பயிற்சி நடக்கும். கண்ணை மூடி, ஒரு காலைத் தூக்கி, அசையாமல் நிற்க வேண்டும். வெங்கடேஷ் பயிற்சியாளரான முதல் நாளிலிருந்து அதுதான் முதல் பாடம். அன்று அது இல்லை. பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நிற்கவிடாமல் ஓடவிட்டிருந்தான். ஒருவன் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தான்.

"ஓடு! ப்ளேன் வேணுமா உனக்கு? ப்ளேன்! முதல்ல கால ஒழுங்காத் தூக்கு!"

விமானம் இல்லை என்பது அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. கேப்டன் பைசல் நின்றான். அவன் நின்றதும் எல்லாரும் நின்றார்கள்.

"கோச் சாப், சீட்டு இல்லையா?"

வெங்கடேஷ் வாயில் விசிலை வைத்தான். ஊதவில்லை.

"டீக் ஹை, சரி," என்றான் பைசல், மூச்சு வாங்க. "கப்பல்லயே போறோம். அதுக்கு எங்கள ஏன் கொல்றீங்க? எங்கம்மாதான் பாவம். பையன் ப்ளேன்ல போறான்னு மீன்காரம்மா வரைக்கும் சொல்லிட்டாங்க. நாளைலருந்து வேற மீன்காரம்மா தேடணும்."

யாரோ சிரித்தார்கள். வெங்கடேஷ் திரும்பி, பந்து வலையை ஓங்கி உதைத்தான். கெட்ட காலால் உதைத்துவிட்டான். முகம் கோணியதை மறைக்கக் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து, மறுபடி கட்டினான். நீலாவதி அங்கிருந்து அப்படியே திரும்பிவிட்டாள். அவனைத் தேற்றப் போனவளுக்கு, அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினால் தேவலை என்றிருந்தது.

வீட்டில் அவன் நுழைந்ததும் அவள் தொடங்கினாள்.

"அந்தப் புள்ளைங்ககிட்டக் காட்டுற கோபத்துல பாதிய மத்தியானம் காட்டியிருக்கலாம்."

"உங்கண்ணன்கிட்டயா? அவரு இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்?"

"தெரியல. ஆனா என் புருஷன் அவரு போட்ட சோத்துக்கு வால் ஆட்டுவாருன்னு நான் கட்டிக்கல."

சொன்ன உடனே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. வெங்கடேஷ் முகம் வெளிறிவிட்டது. மேலே விமானம் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அந்தச் சத்தம் முழுவதும் அவனுக்கு நெற்றி நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. அது அடங்கியதும் அவன் கத்தினான். வருஷக்கணக்காக அவள் கேட்கக் காத்திருந்த கத்தல்.

"அவனும் விழுந்தான்டி! என் பக்கத்துலதான் விழுந்தான்! அவனுக்குத் தெரியாதா? எவனோ ஒரு மெயின்லேண்டுக்காரன் சொன்னா எனக்கு வலிக்காது. அவன் சொல்றான். டெக்ல பிராக்டிஸ் பண்ணுங்கிறான்! எனக்கு ஒரு சீட் போட்டானாம், சீட்டு! பசங்க கப்பல்ல உருண்டு வருவாங்க, நான் மேலருந்து பாத்துக்கிட்டே போகணுமா? எப்படி நீலா மறந்தான்?"

"மறக்கல," என்றாள் அவள். "மறுபடியும் கப்பல்ல ஏறக் கூடாதுன்னுதான் செக்ரட்டரியே ஆனாரு போல."

அவன் உட்கார்ந்துவிட்டான். முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் எண்ணெயை எடுத்துவந்து அவன் முன் வைத்தாள். எப்போதும் அவள்தான் தேய்த்துவிடுவாள். அன்று தேய்த்துவிடவில்லை.

மறுநாள் கடையில் கூட்டம். பாராடாங் பக்கம் போகிற சுற்றுலாக்காரர்கள் வண்டி கேட்டு நின்றார்கள். மத்தியானம் கூட்டம் வடிந்ததும் நீலாவதி அந்த ஏழு சீட்டைத் திரையில் எடுத்தாள். வியாழக்கிழமைக் காலை விமானம். பெயருக்கான கட்டங்கள் காலியாக இருந்தன. மேலே சங்கத்தின் பெயர். அதன் பக்கத்தில், அன்று அவளே அடித்த 'டீம்' என்ற சொல். ஆட்டக்காரர்கள் எல்லாருடைய அடையாள அட்டையும் கப்பல் டிக்கெட்டுக்காக ஏற்கெனவே அவளிடம் இருந்தது.

திருட்டுத்தனமாகச் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, ஏழு சீட்டுலயும் பசங்க பேரத்தான் போடப் போறேன்."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டுதான். அதை விளையாடுறவங்க போகட்டும். நீங்க டீம்னு சொல்லித்தான் பிடிக்கச் சொன்னீங்க."

"நீலா, பிரசிடென்ட் என்னைய உரிச்சுருவாரு. உன் புருஷன் வேலையும் போயிரும். யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டேன். அவர முதுகுல தூக்கிட்டு இறங்குனீங்களே அண்ணே, அன்னிக்கு உங்க கால் எப்படி நடுங்குச்சுன்னு நான் கீழ நின்னு பாத்தேன். இன்னொருத்தன அப்படித் தூக்கிட்டு வர உங்களுக்கு முதுகு இருக்கா?"



"இனிமே உன் வீட்டு வாசப்படிய மிதிச்சேன்னா என்னன்னு கேளு," என்றான் உதயசூரியன். போனை வைத்துவிட்டான்.

வந்தது பயமா கோபமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. வெங்கடேஷுக்குப் போன் செய்தாள். பின்னால் பந்து அடிபடும் சத்தமும் பையன்களின் கூச்சலும் கேட்டன.

"ஏழு பேரு சொல்லுங்க."

"என்ன?"

"ப்ளேனுக்கு. அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். கத்திட்டாரு. உங்க வேலை போனாலும் போகும்னாரு. பேரச் சொல்லுங்க."

அவன் வைத்துவிட்டான் என்றே நினைத்தாள். வேண்டாம் என்று சொன்னால் இந்த ஆளோடு இனிமேல் எப்படி ஒரே தட்டில் சாப்பிடுவது என்று நினைத்தாள். பிறகு பையன்களின் கூச்சல் தூரமாவது கேட்டது. அவர்களை விட்டு விலகி நடக்கிறான்.

"கீப்பர்," என்றான் வெங்கடேஷ். "ஐயாவு பேர முதல்ல போடு."

அவள் அடித்தாள்.

"பேக் நாலு பேரு. ஹம்தான், அந்தோணி, சுபாஷ், பெங்காலிப் பையன் தபன். அப்புறம் நடுவுல பைசல். அவன் பக்கத்துல ராஜு."

"ஃபார்வர்டு ஒருத்தரும் இல்லியே?"

"கோல் போட வேணாம். வாங்காம நின்னா போதும். கப்பல் இன்னும் லேட்டானாலும் ஏழு பேரு கிரவுண்ட்ல நின்னா ஆட்டத்த ஆரம்பிச்சுத்தான் ஆகணும். அதுதான் விதி. மத்தவன் தள்ளாடிக்கிட்டு வந்து சேரட்டும்."

"உங்க பேரு?"

"நான் பசங்களோட கப்பல்ல வரேன்." கொஞ்சம் நிறுத்தினான். "நேத்து நீ சொன்னது..."

"வச்சிருங்க. கஸ்டமர் நிக்கிறாங்க," என்றாள். எதிரே யாரும் இல்லை.

அரைமணியில் நசீருதீன் பாய் உள்ளே வந்தார். "என்னம்மா இது, செக்ரட்டரி என் காதக் கிழிக்கிறாரு? பேர மாத்துங்கிறாரு."

"ஏத்தினது ஏத்தினதுதான் பாய். இனி மாத்த முடியாது. என் மேல கோபம்னா நான் இப்பவே கிளம்பிடுறேன்."

பாய் திரையில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே படித்தார். "ஹம்தான் எங்க அக்கா பேரன்தானே?" என்று கேட்டுவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திராமல் தொழுகைக்குப் போனார். செக்ரட்டரிக்குத் திரும்பப் போன் செய்ததாகத் தெரியவில்லை.

புதன்கிழமை பிற்பகல் ஹாடோ துறை முழுக்க மூட்டைகளும் அழுகையுமாக இருந்தது. விமானத்தில் போகிற ஏழு பேரும் மற்றவர்களை வழியனுப்ப வந்திருந்தார்கள். பைசலின் அம்மாவும் வந்திருந்தாள். தன் மகன் இன்று கப்பலில் போகவில்லை, நாளை விமானத்தில் போகிறான் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாள். வெங்கடேஷ் பந்து வலையைத் தூக்கிவந்து நீலாவதி கையில் கொடுத்தான்.

"இது ப்ளேன்ல வரட்டும். கப்பல்ல ஒரு பந்து இருக்கக் கூடாது. இருந்தா கால் அரிக்கும்."

சனிக்கிழமைக்குப் பிறகு அவனுக்கு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. முட்டிக்கான எண்ணெய்ப் பாட்டிலை அவன் பையின் ஓரத்தில் திணித்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான். கொஞ்சம் அழுத்தமாக, இன்னும் கோபம் மிச்சமிருக்கிறவனைப் போல.

அப்போதுதான் உதயசூரியன் வந்தான். தோளில் பெரிய பை. முகத்தில் மழை வரப்போகிற இறுக்கம். நீலாவதி ஓரடி முன்னால் வைத்தாள்.

"அண்ணே..."

"ப்ளேன்ல எங்க இடம்? சீசன், எல்லாமே ஃபுல். உன் புண்ணியத்துல பங்க்ல போறேன்," என்றான் அவளைப் பார்க்காமல். "மத்தவனெல்லாம் வரலன்னுட்டான். செக்ரட்டரி நான் போய்க் கையெழுத்துப் போடலன்னா டீமையே சேத்துக்க மாட்டாங்க. யாருக்காகவும் போகல, தெரிஞ்சுக்க."

வெங்கடேஷ் அவன் பைக்குக் கை நீட்டினான். உதயசூரியன் கொடுக்கவில்லை. இருவரும் ஒருவர் பின் ஒருவராக ஏணியில் ஏறினார்கள். வெங்கடேஷ் ஒவ்வொரு படிக்கும் நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலை இழுத்துச் சேர்த்தான். பின்னால் ஏறிய உதயசூரியன் அவசரப்படுத்தவில்லை. வெங்கடேஷ் நின்றபோதெல்லாம் இவனும் நின்றான். கை கொடுக்கவும் இல்லை.

கயிறுகளை அவிழ்த்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் முதலில் ஒரு கோடு போல, பிறகு ஒரு தெருவைப் போலத் தண்ணீர் அகன்றது. மேல்தளத்துக் கம்பியோரம் பையன்கள் கையை ஆட்டினார்கள். கரையில் நின்ற பைசல் கையை ஆட்டவில்லை. பேசாமல் வலது காலைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்தில் ஐயாவு தூக்கினான். பிறகு மற்றவர்கள். சுமைதூக்கிகள் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். ஏழு பேரும் அசையாமல் நின்றார்கள்.

நீலாவதி பந்து வலையை நெஞ்சோடு அணைத்தபடி கப்பலைப் பார்த்தாள். வெங்கடேஷ் கம்பியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டான். நல்ல காலைத் தூக்கினான். கெட்ட காலில் நின்றான். கப்பல் திரும்பி முதல் அலையில் ஏறியபோது அவன் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் தோளைப் பிடித்தது. அது யாருடைய கை என்று இவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்குத் தெரியவில்லை.